தொண்ணூற்றெட்டு சதவீதம் சுத்தம்!

மூன்று மாதம் முன்பு கடத்தூரில் ஒரு புளிக்கடையில் சண்டை போட்டேன். அதற்குப் போன வாரம்தான் பலன் கிடைத்தது.

'சுத்தமான புளி' என்றுதான் ஐந்து கிலோ கட்டிக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்க்காமல் தூக்கி வந்தது என் தப்பு. வீட்டில் கொட்டை எடுத்து, நார் உரித்துப் பார்த்தால்... மூன்று கிலோகூடத் தேறவில்லை. விடுவேனா? கொட்டைகளைப் பையில் அள்ளிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

கல்லாவில் ஷாஹின். கடைக்காரர் பாயின் மகள். பெங்களூரில் பிஎச்.டி. செய்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். முகம் வாடிக் கிடந்தது. எனக்கிருந்த கோபத்தில் அதையெல்லாம் யார் பார்த்தது?

"சுத்தமான புளின்னீங்களே, இது என்னா கண்ணு?" என்று பையைக் கவிழ்த்தேன்.

"கோவப்படாதீங்கக்கா. சுத்தம்னா மண்ணு, பூச்சி இருக்காதுங்க. கொட்டை இருக்காதுன்னா சொன்னோம்? எடையில அதுவும் சேந்துதானுங்க..."

பேச்சு பாதியில் நின்றது. அடுத்த நொடி பட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"சுத்தம்!"

நம்மிடம் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். அழுக்கில்லை என்பது ஒன்று. எல்லாம் போச்சு என்பது இன்னொன்று. அவள் சொன்னது இரண்டாவது.

என்ன ஏது என்று உட்காரவைத்துக் கேட்டேன். முடக்குவாதத்துக்கு இப்போது ஆன்டிபாடி என்ற வகை மருந்தை ஊசியில் போடுகிறார்கள். அது நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் ஷாஹினின் மூன்று வருஷ ஆராய்ச்சி. ஆன்டிபாடியைத் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டை மட்டும் அளப்பார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க அதே துண்டைச் செயற்கையாகச் செய்து, பொடியாக விற்கிறார்கள். பெப்டைடு என்று பெயர். அதுதான் அவளுக்கு எடைக்கல்.

அதே ரத்தத்தை இன்னொரு லேபில் அளந்தால் வருவதைவிட, இவள் அளந்தால் எப்போதும் அதிகமாக வந்தது. காரணம் தெரியாமல் தீசிஸ் கொடுக்க முடியாது என்று கைடு சொல்லிவிட்டார். அழுதுகொண்டே பஸ் ஏறியிருக்கிறாள்.

"பாட்டில்ல தொண்ணூத்தெட்டு பர்சன்ட் சுத்தம்னு போட்டிருந்துச்சுக்கா. வேற பெப்டைடு கலக்கலங்கறதுக்குத்தான் அந்தக் கணக்கு. தண்ணி, உப்பு அதுல வராது. ஆனா தராசுல எல்லாம் சேந்துதானே நிக்கும்! மொத்தத்தையும் பெப்டைடுன்னு நம்பிட்டேன். புளிக்கடைக்காரர் பொண்ணு நானு... எனக்கே தோணல பாருங்க!"

எடைக்கல்லே குறைச்சல் என்றால் சரக்கு அதிகமாகத்தானே காட்டும்? ரத்தத்தில் மருந்து போதுமென்று டாக்டரும் நம்பிவிடுவாரே!

"அப்ப மூணு வருஷமும் போச்சா?"

"போகலக்கா! அளந்ததெல்லாம் அப்படியே இருக்கு. பொடியில நெசமா பெப்டைடு எவ்ளோன்னு பாத்துட்டா, கணக்கைத் திருத்திடலாம்."

கண் கலங்கச் சிரித்தாள்.

மறுநாளே பெங்களூர் போனாள். அளந்து பார்த்தால், பொடியில் கால் பங்குக்கு மேல் தண்ணீரும் உப்பும்! திருத்திய கணக்கு அந்த லேபின் கணக்கோடு ஒத்துப்போனது.

லேபிளில் ஒரு நல்ல சொல்லைப் பார்த்ததும் நாம் எவ்வளவு சுலபமாகத் திருப்தி அடைந்துவிடுகிறோம்! எதைக் கணக்கில் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்பதே இல்லை.

போன வாரம் போன் வந்தது.

"தீசிஸ் குடுத்துட்டேன்க்கா! நன்றி சொல்ற பக்கத்துல உங்க பேரும் இருக்குது."

"என்னான்னு போட்ட கண்ணு?"

"'சரியான நேரத்தில் சண்டைக்கு வந்தவர்'னு."

சண்டைக்காரி என்று இனி வீட்டில் யாராவது சொல்லட்டும்... அது ஆராய்ச்சி உதவி என்று அச்சிலேயே ஆதாரம் இருக்கிறது!