சாமா அண்ணாவின் கால்கள்

கல்யாண வீட்டில் சாவுச் செய்தியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கல்பாத்திக்குப் பக்கத்துச் சித்தூரில் ஒரு முகூர்த்தத்துக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் சமையல்காரர் சாமா அண்ணாவின் மைத்துனர் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்து வாசலுக்கு வெளியே நிற்பதாக ஆள் வந்து சொன்னான். உள்ளே வரவில்லை; காப்பி நீட்டியவரிடமும் வேண்டாம் என்று தலையாட்டினாராம். சாவு வீட்டிலிருந்து வந்தவர்தான் அப்படி நிற்பார்; அரிவாள்மணையைத் தள்ளி வைத்தேன். வெளியே போனேன். "வரயா விச்சு, போலாம்" என்றார். வீட்டுக்காரரிடம் உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன்.

கல்பாத்தி அக்ரஹாரத்தில் உங்களில் பாதிப்பேர் சாமா அண்ணாவின் கைச் சமையலைச் சாப்பிட்டுத்தான் தாலி கட்டிக்கொண்டீர்கள். அந்தக் கையைப் பற்றி ஊரே பேசும். காலைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆளில்லை. அவர் நின்று பிழைத்தவர், நான் உட்கார்ந்து பிழைத்தவன். அரிவாள்மணைக்காரன் கண்ணுக்கு நேரே இருப்பது அடுப்படிக்காரரின் கால்தானே. முதலில் முழங்காலுக்குப் பின்னால் மெல்லிய நீல இழைகள் தெரிந்தன, ஒற்றுத்தாளில் மை பரவின மாதிரி. சில வருஷங்களில் ஆடுசதையில் விரல் தடிமனுக்கு நரம்பு சுருண்டு புடைத்தது. சித்த நேரம் உட்காருங்களேன் என்று நான் சொல்லாத கல்யாணம் கிடையாது. "அடுப்புக்கு முன்னாடி சமையக்காரன் உக்காந்தா அடுப்பும் உக்காந்துடும்டா" என்பார்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில், இலை போடும் நேரத்துக்கு, அவர் கணுக்காலில் ஒரு நரம்பு வெடித்தது. வலியே இல்லையாம். தரை ஈரமாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்திருக்கிறார், இரத்தம். நான் துணியை வைத்து அழுத்திப் பிடித்தேன். அவரோ காலைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த ரசத்தைப் பார்த்தார். ஒரு துளிகூட அதில் விழவில்லை. ஆனாலும் அண்டாவோடு கொட்டச் சொல்லி, புகை நாற்றம் என்று வீட்டுக்காரரிடம் சமாளித்துவிட்டு வேறு ரசம் வைத்தார். வீட்டுக்குத் திரும்பும்போது, "இது வெளில தெரிஞ்சா எவனும் கூப்பிட மாட்டான் விச்சு" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பங்குனிக் கடைசியில், சுருண்ட நரம்புக்கு ஊசி போடுகிற டாக்டர் சித்தூரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மெல்லிய ஊசியால் நரம்புக்குள்ளேயே மருந்தைச் செலுத்தி, பாதத்திலிருந்து முழங்கால் வரை துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றினார். "படுத்துக்கலாமோ?" என்று அண்ணா கேட்டார். "படுக்கப்படாதுங்க சாமி. நடக்கோணும். அசையாம நிக்கவும் படாது. இந்தத் துணிய நாந்தான் அவுப்பேன்" என்றார் டாக்டர். அவிழ்த்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். "மருந்து பட்ட நரம்பு சுவரோட சுவரு ஒட்டிக்கோணுங்க. இறுக்கம் விட்டுப்போனா உள்ள இரத்தம் உறைஞ்சு கட்டியாகும். கட்டி காலோட நின்னுட்டா புண்ணியம். மேல கிளம்பீருச்சுன்னா நம்ம கையில ஒண்ணுமில்லீங்க." அதைக் கேட்டு அண்ணா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்திரையில் ஒரு கல்யாணத்துக்கு அவர் ஏற்கெனவே வெற்றிலை பாக்கு வாங்கி ஒப்புக்கொண்டிருந்தார். வாங்கினால் வாங்கினதுதான், பின்வாங்க மாட்டார். அங்கேதான் வந்தது வினை. ஆற்றில் முழுகி, தீட்டுப் படாத மடித் துணி உடுத்தாமல் அடுப்படியில் கால் வைக்க முடியாது. ஆஸ்பத்திரித் துணியோ மடியில்லை. அவிழ்க்காதீர்கள் என்று நான் கத்தினேன். அவர் நேரே புரோகிதம் பண்ணும் வாத்தியாரிடம் போய்க் கேட்டார். "பட்டுக்கு விழுப்பில்லை, தீட்டில்லை ஓய். பட்டால சுத்திக்கோளும்" என்றார் வாத்தியார். அண்ணா வீட்டில் இருந்த ஒரே பட்டு, அவர் மனைவி அலமேலு மன்னியின் கல்யாணக் கூரைப்புடவை. மன்னிதான் புடவையைக் கொண்டுவந்து தலைப்புப் பக்கமாக நீளமாய்க் கிழித்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அண்ணா ஆஸ்பத்திரித் துணியை அவிழ்த்துவிட்டுப் பட்டைச் சுற்றிக்கொண்டார்.

நடக்கச் சொன்ன டாக்டர் பேச்சை மட்டும் அவர் தட்டவில்லை. சக்கைப் பிரதமனை, அதுதான் பலாப்பழப் பாயசத்தை, வெண்கல உருளியைச் சுற்றி நடந்துகொண்டே கிளறினார். "அண்ணா பிரதட்சிணம் பண்றார், தீர்த்தம் குடுங்கோ" என்று பரிமாறுகிறவர்கள் கேலி செய்தார்கள். "வரம் கிடைச்சா உங்களுக்கும் பங்கு உண்டாக்கும்" என்று அவரும் பதில் கொடுத்தார். ஆனால் பட்டு வழுக்குகிற வஸ்து. நாலு சுற்று நடப்பதற்குள் கணுக்காலில் வந்து விழுந்தது. நான் கட்டினேன். நழுவியது. மறுபடி இறுக்கிக் கட்டினேன், மறுபடியும் நழுவியது. பிரதமன் இறுகும் பதத்தில் அவரால் நடக்கவும் முடியவில்லை, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டார். இறக்கி வையுங்கள், பாயசம் போனால் போகட்டும் என்றேன். "சாரமில்லைடா, ஒண்ணும் ஆகாது. கையெடுத்தா அடி பிடிச்சுடும்" என்றார். அந்தப் பிரதமனை இன்றைக்கும் புகழ்கிறீர்கள். நான் அதை வாயில் வைக்கவில்லை.

அப்புறம் ஆடுசதை வீங்கிக் கல்லாக இறுகியது, தொட்டால் சுட்டது. வெளியில் சொல்லாமல் வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு நடமாடினார். நான் கண்டுபிடித்து டாக்டரை வரவழைத்தபோது, அவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையை மூடிக்கொண்டார். கிளம்பும்போது என்னிடம் மட்டும், "மூச்சு முட்டுதுன்னாருன்னா உடனே ஆளனுப்புங்க" என்றார். வைகாசியில், நான் சித்தூரில் இருந்த அன்று காலை, காப்பி கேட்டாராம். மன்னி கொண்டுவருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வரவில்லை என்றாராம். அவ்வளவுதான். ஆளனுப்ப நேரமே இருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மன்னி அந்தப் பட்டைத் தானே அவர் காலில் சுற்றிக்கொண்டிருந்தாள். யாரும் தடுக்கவில்லை. அன்றைக்கு அது நழுவவில்லை. "கூரைப்புடவையை விச்சு, நானே கிழிச்சேனே" என்றாள். உங்கள் மேல் குற்றமில்லை மன்னி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அவள் நம்பவில்லை. டாக்டரைக் கேட்டால், பட்டினால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார். எனக்குக் கோபம் ஆறவில்லை. வாத்தியார் மேல் கோபம், மடி மேல் கோபம், எல்லாரையும் விட அண்ணா மேல் கோபம்.

இப்போது அவர் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். துடுப்பும் அவருடையதுதான். உருளியைச் சுற்றி நடந்துதான் கிளறுகிறேன். போன மாதம் குளிக்கும்போது என் இடது முழங்காலுக்குப் பின்னால் மெல்லிய நீல இழைகளைப் பார்த்தேன். மறுநாளே சித்தூர் போய் ஊசி போட்டுக்கொண்டேன். டாக்டர் கட்டிய துணி காலில் இருக்கிறது. அதோடுதான் அடுப்படிக்கு வருவேன், அவர் அவிழ்க்கிற வரை நான் அவிழ்க்க மாட்டேன். மடி போயிற்று என்று நினைக்கிறவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். கூப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வெற்றிலை பாக்கு கொடுங்கள்.