கறுப்புத் திரையும் ஒரே பட்டனும்

எங்கள் தொழிலில் யாரும் நலம் விசாரிக்கப் போன் செய்வதில்லை.

தர்மபுரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்துத்தான் எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரைக் கெடுக்கப் பார்த்தது, திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர். லினக்ஸை யாரும் திறந்து பார்த்துத் திருத்தலாம். கார்டு கம்பெனி தரும் டிரைவரோ மூடிய டப்பா. இரண்டையும் ஒத்துப்போக வைக்கப் படாதபாடு பட்டவரா நீங்கள்? அப்படியானால் நம் ஆள்தான்.

அப்டேட் வந்த மறுநாள்

பாலக்கோட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர் சரவணன். மாலை வரவேற்பில் ஓட வேண்டிய படம் முடியும் நேரத்தில் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டிருக்கிறார். திரை முழுக்கக் கறுப்பு. போன் வந்ததும், சந்தைக்குப் போகும் தக்காளி வண்டிகளுக்கு நடுவே ஸ்கூட்டியை நுழைத்துப் போய்ச் சேர்ந்தேன். முந்தின நாள் அப்டேட்டில் சிஸ்டத்தின் அடிப்படையான கெர்னல் மாறிவிட்டது. அவர் போட்டிருந்த டிரைவருக்கு அது தெரியவில்லை. கம்ப்யூட்டரைப் பழைய கெர்னலிலேயே ஆன் செய்தேன்; படம் வந்தது. என் பின்னால் நின்றிருந்த மணப்பெண்ணின் அண்ணன் அப்போதுதான் மூச்சு விட்டார்.

சரவணன் சொன்னார்: "அப்டேட்டுன்னா நல்லதுக்குத்தான்னு நெனச்சேங்க. இனிமே அது கும்பிட்டுக் கேட்டாலும் விடமாட்டேன்."

குட்டைக் கோடு, நெட்டைக் கோடு

அப்டேட்டை நிறுத்துவது வைத்தியமாகாது. கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரும் தானாக அதற்கேற்பத் தயாராக வேண்டும். அதற்கான கட்டளைகளை நல்லம்பள்ளியில் பேனர் கடை நடத்தும் செல்விக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒன்றும் வேலை செய்யவில்லை. நேரில் போனால், கட்டளையில் நான் அடித்த இரண்டு சின்னக் கோடுகளை என் போன் ஒரே நீளக் கோடாக ஒட்டி அனுப்பியிருக்கிறது. செல்வி அதையே அச்சுப் பிசகாமல் அடித்திருக்கிறாள்.

"கோட்டுல என்னங்கக்கா குட்டை, நெட்டை? எதுக்கு அடிக்க வெக்கிறீங்க, ஒரு பட்டன் குடுங்க, அமுத்திட்டுப் போறேன்!"

நீலத் திரை

அவள் சொன்னதுதான் சரி. உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். எந்தக் கார்டு என்று தானே கண்டுபிடித்து, பொருத்தமான டிரைவரைப் போட்டு, கெர்னல் மாறினால் அதற்கேற்ப டிரைவரையும் சரிசெய்யும் ஒரே பட்டன். முதலில் இண்டூர் உமாவிடம் கொடுத்தேன். வீடு கட்டுமுன் அது எப்படியிருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுபவள். பட்டனை அழுத்தினாள். மறுபடி ஆன் ஆகும்போது, புது டிரைவரை ஏற்கலாமா என்று கம்ப்யூட்டர் நீலத் திரையில் ஆங்கிலத்தில் கேட்டது. பயந்துபோய் என்டரைத் தட்டிவிட்டாள். அனுமதி கிடைக்காத டிரைவர் படுத்துக்கொண்டது.

தப்பு அவளுடையதல்ல, என் பட்டனுடையது. "நீலத் திரை வரும், பயப்படாதீங்க, இந்த வரியைத் தேர்ந்தெடுங்க" என்று தமிழில், படத்தோடு, முன்கூட்டியே சொல்லும்படி மாற்றினேன். மறுமுறை நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உமா தானாகவே எல்லாம் செய்தாள். திரையில் ஒரு வீடு வழுக்கிக்கொண்டு சுற்றியது.

அந்த வீட்டைப் பார்க்கவே காலையிலிருந்து உட்கார்ந்திருந்த விவசாயி எழுந்து வந்தார்: "நல்லாச் சுத்துதுங்க, ஆனா என் வூடு சுத்த வேணாம், கெழக்கப் பாத்து நின்னாப் போதும்."

டிரைவர் தொல்லை ஒழிந்தது என்று நிம்மதியாக உட்காரலாமென்று பார்த்தால், இப்போது ஊரிலுள்ள பிரிண்டரெல்லாம் தங்களுக்கும் ஒரு பட்டன் கேட்டு என் கடை வாசலுக்கு வந்துவிட்டன.