கரையில் இருப்பவளும் நடவாள்தான்

யார்க்ஷயரில் நாங்கள் இருக்கும் இந்த ஊரில் பிள்ளையை அழைத்துக்கொண்டு போக ரகசியச் சொல் ஒன்று வேண்டும். பகலெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் காரென். அவளிடம் சேர்க்கும்போதே அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். யார் போய் நின்றாலும் அதைச் சொன்னால்தான் கதவு முழுசாகத் திறக்கும். நான் யோசிக்காமல் 'பாபநாசம்' என்று எழுதினேன். என் வீட்டுக்காரர் முதல் தடவை போன அன்று நல்ல மழை. வாசலில் நின்றுகொண்டு 'தஞ்சாவூர்' என்றாராம். காரென் இல்லையென்று தலையாட்டியதும் அய்யம்பேட்டை, சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம் என்று பஸ் கண்டக்டர் மாதிரி ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். தான் பிறந்து வளர்ந்த பாபநாசத்தில் மட்டும் வண்டியை நிறுத்தவில்லை. கடைசியில் காரென் எனக்குப் போன் செய்தாள். "எஸ்தர், ஒரு ஆள் வந்திருக்கார். போட்டோவில இருக்கிற ஆள்தான். ஆனா பாஸ்வேர்ட் தப்பாச் சொல்றார்." இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நனைஞ்சு போய் இருக்கார்" என்றாள்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று எழுதினாலும், அவர்கள் எங்கள் பிள்ளைகள் இல்லை. இங்கே ஃபாஸ்டர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. தத்து இல்லை. பெற்றவர்களால் கொஞ்ச காலம் வளர்க்க முடியாமல் போனால், நிலைமை சரியாகும்வரை கவுன்சில், அதாவது இந்த ஊர் நகராட்சி, பிள்ளைகளை வேறொரு வீட்டில் ஒப்படைக்கும். பெயரை எழுதக்கூடாது, படத்தைக் காட்டக்கூடாது. ஆகையால் பெரியவள், சின்னவன் என்றே சொல்கிறேன். பெரியவளுக்கு நான்கு வயது. சின்னவன் அப்போதுதான் நாற்காலியைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தான். திருமணமாகிப் பதினெட்டு வருடமாகப் பிள்ளையில்லாத வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இரண்டு பைகளோடு வந்து இறங்கினார்கள். திங்கள்வரைக்கும்தான் என்றார் சோஷியல் வொர்க்கர் ஹெலன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியவள் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் என்று நீட்டினாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, திங்கள்கிழமையை என்னால் தாங்க முடியாது என்று.

திங்கள்கிழமை ஹெலன் வந்தபோது, இருக்கட்டுமே என்றேன். அவர் நல்ல மனுஷி, ஆனால் ஃபாரம் இல்லாமல் மூச்சுவிட மாட்டார். நான் ஆஸ்பத்திரி லாண்டரியில் காலை ஆறு மணி ஷிஃப்ட். என் வீட்டுக்காரர் ரொட்டி ஃபேக்டரியில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர். "அப்படின்னா பகல்ல பிள்ளைகளை யார் பார்ப்பாங்க?" என்று ஹெலன் கேட்டார். வீட்டில் அவர் இருக்கிறாரே என்றேன். தூங்குகிறவர் சேர்த்தியில்லையாம். பக்கத்து வீட்டில் விடுவேன் என்றேன். "அவங்க ரிஜிஸ்டர் பண்ணியிருக்காங்களா?" என்றார். பக்கத்து வீடாக இருப்பதற்கு எதற்கு ரிஜிஸ்டர் என்று எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரியவில்லை என்பது அவருக்குப் புரியவில்லை. முடிவில் தெளிவாகச் சொன்னார். வேலை நேரம் முழுவதற்கும் பதிவு பெற்ற ஆளாகப் பார்த்து, மூன்று வாரத்துக்குள் எழுத்தில் காட்ட வேண்டும். முடியாவிட்டால் இரண்டு பேரையும் சேர்த்து எடுக்க வேறு வீடு இப்போது இல்லை, ஆளுக்கொரு வீடாகத்தான் போவார்கள். பெரியவள் அந்த நேரத்தில் சின்னவனுக்கு செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அதையும் பெருமையாகக் காட்டிக்கொண்டு நடந்தான்.

லீவு போட்டு அலைந்தேன். ஒரு நர்சரியில் பெரியவளுக்கு இடம் உண்டு, சின்னவனுக்கு இல்லை. இன்னொன்றில் அவனுக்கு உண்டு, அவளுக்கு இல்லை. ஒன்றில் இருவருக்கும் உண்டு, அடுத்த செப்டம்பரில். எங்கேயும் எட்டு மணிக்கு முன்னால் கதவு திறக்காது. லீவு தீர்ந்ததும் என் வீட்டுக்காரர் லீவு எடுத்தார், நான் லாண்டரிக்குத் திரும்பினேன். அங்கே போர்வையைச் சுருக்கமெடுக்கும் பெரிய உருளை மெஷின் ஒன்று உண்டு. முன்னால் நான்கு பேர் வரிசையாக நின்று போர்வையை விரித்து உள்ளே விட வேண்டும், ஓர் ஆள் குறைந்தாலும் துணி மடங்கிப் போகும். அந்த வரிசையில் நின்று போர்வையை விரிக்கிற ஒவ்வொரு தடவையும், நான் பிறந்த ஊரின் நடவு வரிசைதான் நினைவுக்கு வரும்.

எங்கள் ஊர் பாபநாசத்திலிருந்து கூப்பிடு தூரம். என் அம்மா நடவுக்குப் போகிறவள். எங்கள் தெருவிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று பெண்கள் சேர்ந்து ஒரே கூட்டமாக இறங்குவார்கள். கைக்குழந்தைகள் வாய்க்கால் கரையிலுள்ள பூவரச மரத்தில் தூளியில் கிடக்கும். நடந்து ஓடுகிறவர்கள் கரையிலேயே மண்ணில் விளையாடுவோம். எங்களைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி மேலே இருப்பாள். மாசமாக இருப்பவள், பிள்ளை பெற்று எழுந்தவள், இப்படிக் குனிய முடியாதவளாகப் பார்த்து அந்த வேலையைக் கொடுப்பார்கள். அவளுக்கும் சேற்றில் நிற்கிறவளுக்கும் ஒரே கூலி. குழந்தை பாலுக்கு அழுதால் கரையில் இருப்பவள் குரல் கொடுப்பாள், தாய்க்காரி ஏறி வருவாள். அவள் திரும்பி வரும்வரை இரண்டு பக்கத்துப் பெண்களும் கையை எட்டிப்போட்டு அவள் பங்கையும் நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். மேலே நின்று பார்த்தால் வரிசையில் ஆள் குறைந்ததே தெரியாது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வந்தது. அப்போது ஊருக்கு ஊர் கூலிச் சண்டை. ஒரு பக்கம் சிவப்புக் கொடி, இன்னொரு பக்கம் கறுப்பு சிவப்பு. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கிய காலம். எங்கள் பண்ணையின் காரியக்காரர் ஒருநாள் வரப்பில் நின்று, "கால்ல சேறு படாதவளுக்கு என்னத்துக்கு நெல்லு? இந்த வருஷத்திலேருந்து கெடையாது" என்றார். அப்போது கரையில் இருந்தவள் பாக்கியத்தக்கா, எட்டு மாதம். அம்மா கையிலிருந்த நாற்று முடியைக் கீழே வைத்தாள். "அவ மேல இருக்கிறதாலதான் நாங்க கீழ இருக்கோம். அவளும் நடவாள்தாங்க" என்றாள். அவ்வளவுதான், எல்லாரும் கரையேறிவிட்டார்கள். பறித்த நாற்று வெயிலில் வாடியது. மூன்றாம் நாள் வெளியூர் ஆட்கள் வந்தார்கள், பெண்கள் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து மறித்தார்கள். பிறகு போலீஸ் வேன் வந்து அம்மாவையும் மற்ற பெண்களையும் ஏற்றிக்கொண்டு போனது. கரையில் பாக்கியத்தக்காவும் நாங்கள் ஒரு பட்டாளமும் நின்றோம்.

அன்று மாலையே பெரியவர்கள் வந்து ஆளுக்கு இரண்டாக எங்களைப் பிரித்து அழைத்துப் போனார்கள். என்னையும் தம்பியையும் அழைத்துப் போனவர் அய்யம்பேட்டை ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மனைவி ஆமினாம்மா. யாரும் அவரைக் கேட்கவில்லை. "இந்த ரெண்டும் எங்க வீட்டுக்கு" என்றார், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது திருவிழா. சேமியாப் பாயசமும் தேங்காய்ப்பால் கஞ்சியும் அந்த வீட்டில்தான் முதலில் சாப்பிட்டேன். அம்மாவை நினைத்து முதல் நாள் அழுதேன், இரண்டாம் நாள் பாதி அழுதேன், அப்புறம் மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அம்மா வந்து வாசலில் நின்றபோது ஆமினாம்மா டீ கொடுத்தார். அம்மா குடித்தாள். நன்றி என்றெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாசில்தார் முன்னிலையில் பேசி, கரையில் இருப்பவளுக்கு முழுக் கூலி என்று முடிவானது. ஆளுங்கட்சிக்காரர் கரைவேட்டியோடு வந்து இது எங்கள் ஆட்சியின் வெற்றி என்றார், சிவப்புக் கொடிக்காரர் இல்லை எங்களுடையது என்றார். பாக்கியத்தக்கா, "யாரு வேணா செயிச்சிக்குங்க, நெல்லை அளங்க" என்றாள்.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, கஷ்டம் வந்தால் வாயைத் திறக்க வேண்டாம், கரையில் நின்றால் போதும், யாராவது பார்த்துக்கொண்டு வருவார்கள் என்பது. அந்தப் புத்தியோடு யார்க்‌ஷயரில் லாண்டரியில் நின்றேன். யாரும் வரவில்லை. கண் வீங்கி வந்தேன், யாரும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே மூடினேன், யாரும் கேட்கவில்லை. ஆறு வருடமாக என் பக்கத்திலேயே நிற்கிற மார்கரெட்கூடக் கேட்கவில்லை. மனசுக்குள் அவளை நன்றாகத் திட்டினேன். வெள்ளைக்காரிக்கு மனசே போர்வை மாதிரி இஸ்திரி போட்டு மடித்து வைத்ததுதான் என்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், "நீ போயி சொன்னாத்தானே எஸ்தரு தெரியும்" என்றார். சொல்லிக் கேட்டு வாங்குவதற்குப் பெயர் உதவியா என்று அவருக்கும் ஒரு திட்டு விழுந்தது.

கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் மார்கரெட் வழக்கம்போல, "ஆல்ரைட், லவ்?" என்றபடி வந்து நின்றாள். இங்கே இது விசாரிப்பு இல்லை, வணக்கம் மாதிரி; 'லவ்' என்பது நாம் 'கண்ணு' என்கிற மாதிரி. வந்த புதிதில் இது தெரியாமல், யாராவது கேட்டால் முதுகுவலியிலிருந்து ஆரம்பித்து ஊர் மழைவரை சொல்லுவேன், அவர்கள் நகர்ந்து போய்க்கொண்டே இருப்பார்கள். பிறகு புத்தி வந்து, 'ஆல்ரைட்' என்று திருப்பிச் சொல்லப் பழகிக்கொண்டேன். அன்று ஏனோ வாய் அதற்கு வளையவில்லை. "இல்லை" என்றேன். மார்கரெட் என்னைப் பார்த்தாள். சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். ஆபத்துக்கு மட்டும் அமுக்க வேண்டிய பொத்தான் அது. மெஷின் நின்று, அந்தக் கூடம் முழுக்க அமைதியானது.

எல்லாவற்றையும் கொட்டினேன். இங்கிலீஷ் பாதி, அழுகை பாதி. கேட்டு முடித்துவிட்டு, "ஏன் இத்தனை நாள் சொல்லலே?" என்றாள். "நீ கேக்கவே இல்லையே" என்றேன். "தினமும் கேட்டேனே" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே வருத்தம். பிறர் குடும்ப விஷயத்தில் தலையிடுவது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கிறாள், நான் ஆல்ரைட் என்றதை அப்படியே நம்பியும் இருக்கிறாள். அப்புறம் சொன்னாள், தன் மகள் காரென் வீட்டிலேயே பிள்ளை பார்க்கிற சைல்ட்மைண்டர், பதிவு எல்லாம் உண்டு, ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போனதால் போன வாரம்தான் இரண்டு இடம் காலியானது என்று. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். மகள் பிள்ளைகளோடு வேலை செய்கிறாள் என்று அவள் எப்போதோ சொன்னதை, டீச்சர் போலிருக்கிறது என்று நானாக எடுத்துக்கொண்டு ஆறு வருடம் இருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை மேற்கொண்டு நானும்தான் கேட்கவில்லை.

காரென் வீடு ஏழரைக்குத்தான் திறக்கும், என் ஷிஃப்ட் ஆறுக்கு. டீ இடைவேளையில் எங்கள் ஊர்க் கரையைப் பற்றியும், இரண்டு பக்கத்திலிருந்தும் கையை எட்டிப்போட்டு நட்டதைப் பற்றியும் சொன்னேன். வரிசையிலிருந்த மற்ற இருவரும் கேட்டார்கள். மார்கரெட் கப்பை வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் ரோட்டா என்கிற ஷிஃப்ட் அட்டவணையைக் காட்டி முடியாது என்றிருக்கிறார். "எட்டு மணி வரைக்கும் எஸ்தர் இடத்தை நாங்க மூணு பேரும் பார்த்துக்கறோம். போர்வை ஒண்ணு குறைஞ்சாலும் எங்களைக் கேளுங்க" என்றாளாம். எட்டிலிருந்து நான்கு என்று எனக்கு நேரம் மாறியது, மதியத்துக்கு மேல் வருகிற கடைசி லோடு முழுக்க என் பொறுப்பு. கெடு முடிகிற நாளில் ஹெலன் காகிதங்களைப் படித்து, காரென் வீட்டையும் பார்த்து, கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "எனக்கு ரொம்பச் சந்தோஷம்" என்றார். அவருடைய ஃபாரத்தில் அதற்கு இடமில்லாததால் வாயால் சொன்னார் போலிருக்கிறது.

ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். யார் பெற்ற பிள்ளை, என்ன நிறம் என்று உறவெல்லாம் குடைந்துகொண்டிருந்தபோது, அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "பாத்துக்கிற பொண்ணுக்குக் கூலி முழுசாக் குடுக்கிறாங்களா?" கவுன்சில் கொடுக்கிறது என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டாள்.

இந்த மூன்று மாதமாக வீடு வீடாக இல்லை, சந்தையாக இருக்கிறது. சின்னவன் அரிசி டப்பாவுக்குள் ஏறி உட்காருகிறான். என் வீட்டுக்காரரை 'அய்யா' என்று கூப்பிடப் பெரியவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததை, அவள் யார்க்‌ஷயர் ராகத்தில் இழுத்துக் கூப்பிடுகிறாள். அவர் பகல் தூக்கத்தில் பாதி இழந்து, அதையும் சிரித்துக்கொண்டே இழக்கிறார். புதன்கிழமை தோறும் கவுன்சில் கட்டிடத்தில் ஓர் அறையில் பிள்ளைகள் தங்கள் தாயைப் பார்க்கிறார்கள். அவளே சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும். முதல் இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவள் பிள்ளைகளை நான் திருடி வைத்திருப்பதாக நினைக்கிறாள் என்று எனக்கும், தன்னை மோசமானவள் என்று நான் நினைப்பதாக அவளுக்கும் ஓர் எண்ணம். இருவரும் 'ஆல்ரைட்' சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன புதன்கிழமை நேரம் முடிந்து கிளம்பும்போது அவள் கிட்டே வந்தாள். "ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். கேளு என்றேன். "எனக்கு வீடு கிடைக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அது வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே இடத்தில இருப்பாங்களா? பிரிச்சிட மாட்டாங்களே?" இருப்பார்கள் என்றேன். பிறகு, அவர்கள் திரும்பப் போகிற நாளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. பெரியவள் கோட்டை இழுத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று கைகளை அகல விரித்தாள். ஒரு கையை அவள் தாய் நுழைத்துவிட்டாள், இன்னொரு கையை நான். அந்தக் கோட்டின் ஜிப் ஒற்றைக் கையால் ஏறாது. தாய்க்காரி குனிந்து கீழ்முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் மேலே இழுத்தேன்.