கலர் ஏத்தாத போட்டோ

போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கிற நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான்: ஸ்டூல்ல உக்கார்றவங்க யாரா இருந்தாலும் எழுந்திருக்கும்போது சொல்றது ஒண்ணு, "அண்ணே, கொஞ்சம் கலர் ஏத்திடுங்க." கேக்காமலே ஏத்தி நம்ம கையும் பழகிடுச்சு. அந்தக் கையால நான் பட்ட பாடு கொஞ்சமா!

திரும்பி வந்த மதாம்

மதாம் ரெஜினா பாரிஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆகி புதுச்சேரிக்கே வந்துட்டவங்க. பிரெஞ்சு பாஸ்போர்ட் புதுப்பிக்க என்கிட்ட போட்டோ எடுத்தாங்க. அந்த போட்டோவுல கை வைக்கவே கூடாது, முகம் இருக்கிறபடியே இருக்கணும். எனக்கு நல்லாவே தெரியும். ஆனா பேச்சு சுவாரசியத்துல கை தன்னால வெளுப்பைக் கூட்டிடுச்சு.

பிரெஞ்சு தூதரக ஆபீஸ்ல போட்டோவைப் பாத்து, மதாமைப் பாத்து, "இது செல்லாது"ன்னு திருப்பிட்டாங்க. வெயில்ல வேர்த்து விறுவிறுத்து வந்தாங்க. திட்டப் போறாங்கன்னு நெனச்சேன், சிரிச்சாங்க. "முசே அருள், இத்தினி வருஷம் வெள்ளைக்காரங்க நடுவுல இருந்தேன், ஒருத்தரும் என்னை வெள்ளையாக்கல. நம்ம ஊருக்கு வந்ததும் நீங்க ஆக்கிட்டீங்களே!"

கை வேற, முகம் வேற

அந்த மதாம்தான் என்னை ஒரு ஆன்லைன் குழுவுல சேத்துவிட்டாங்க. இனம், நிறம், வெள்ளையா இருக்கிறதுன்னா என்ன, அதுக்கு ஏன் இவ்ளோ மவுசு, இதையெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் உக்காந்து பேசுறாங்க. நமக்கெதுக்குன்னு மொதல்ல நழுவத்தான் பாத்தேன். ஆனா என் பொண்ணு ஸ்டெல்லா விஷயம் நெஞ்சை அறுத்துக்கிட்டிருந்துச்சு. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா. அச்சு அசல் என் நிறம். நான் கலர் ஏத்தின போட்டோவைப் பாத்து ரெண்டு வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்தாங்க, காப்பி குடிச்சாங்க, "சொல்லி அனுப்புறோம்"னு போனவங்க போனவங்கதான். அவங்க குடிச்ச டம்ளரை அவ கழுவி வச்சதைப் பாத்து எனக்கு அழுகை வந்துடுச்சு. சரி, பேசித்தான் பாப்போமேன்னு சேந்தேன்.

கூட்டத்தை நடத்துறது லூசி, பாரிஸ்ல பொறந்த தமிழ்ப் பொண்ணு. தமிழ்லயும் பிரெஞ்சுலயும் மாத்தி மாத்திப் பேசுது. முதல் நாள் எல்லாரும் அவங்கவங்க முகத்தோட வந்திருந்தாங்க. நான் மட்டும் பளபளன்னு இருந்தேன். போன்ல முகத்தை அழகாக்குற வசதி இருக்கே, தொழில் புத்தி, அதைப் போட்டு வச்சிருந்தேன். பேச்சு நடுவுல தலையைச் சொறியக் கையைத் தூக்கினேனா, அது என் ஒரிஜினல் கை. லூசி சிரிப்பை அடக்கமுடியாம கேட்டுச்சு: "அண்ணா, முகம் உங்களுது, கை யாருது?"

கேத்ரீன் சொன்னது

"உங்க நிறத்தை மொதமொதல்ல எப்ப உணர்ந்தீங்க?"ன்னு ஒருநாள் லூசி கேட்டுச்சு. நான் பள்ளிக்கூட குரூப் போட்டோ கதையைச் சொன்னேன். போட்டோக்காரர் என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளி, "நீ சிரிடா, அப்பத்தான் தெரிவ"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா இன்னைக்கும் கேமரா முன்னாடி எனக்குச் சிரிப்பு வராது. இதை நான் ஃபிலோமினாகிட்ட, அதான் என் வீட்டம்மாகிட்டகூட சொன்னதில்ல.

அடுத்து கேத்ரீன் முறை. பிரான்ஸ்ல டீச்சர், வெள்ளைக்கார அம்மா. கண்ணெல்லாம் கலங்கிப்போய் அவங்க சொன்னதை லூசி தமிழ்ல சொல்லுச்சு: "எனக்குச் சொல்ல ஒரு கதையும் இல்ல. என் நிறத்தைப் பத்தி நான் யோசிக்கவேண்டிய அவசியமே வந்ததில்ல. வெள்ளையா இருக்கிறதுன்னா அதுதான் போல."

ஸ்டெல்லா

புதுசா ஒரு சம்பந்தம் வந்துச்சு. பிரெஞ்சு குடியுரிமைக் குடும்பம், பையனுக்கு பிரான்ஸ்லயே வேலை. போட்டோ அனுப்பச் சொன்னாங்க. "இந்த வாட்டி கொஞ்சம் தூக்கலாவே ஏத்துங்க, நல்ல எடம்"ன்னா ஃபிலோமினா. டூட்டி முடிஞ்சு வந்த ஸ்டெல்லாவை அப்படியே உக்காரவச்சு எடுத்தேன். கம்ப்யூட்டர்ல தொறந்ததும் கை வழக்கமான எடத்துக்குப் போச்சு. அவ பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்தா. கையை எடுத்துட்டேன். "தாயே, நீ எவ்ளோ அழகு"ன்னேன். என் தோள்ல முகத்தை வச்சுக்கிட்டா. ஃபிலோமினாவும் கிட்ட வந்து பாத்தா. ஸ்டெல்லா தலையைத் தடவிக் குடுத்தா. ஸ்டெல்லாதான் சொன்னா: "இதையே அனுப்புப்பா. இவளைப் புடிச்சவங்க வரட்டும்."

ஷோகேஸ்ல ஒரு முகம்

அதே போட்டோவைப் பெருசாப் போட்டு, வெளுத்த கல்யாணப் பொண்ணுங்களுக்கு நடுவுல ஷோகேஸ்ல மாட்டினேன். மூலக்குளத்துலேர்ந்து ஒரு பொண்ணு வேலைக்கு மனு போட போட்டோ எடுக்க வந்துச்சு. நல்ல கறுப்பு. எடுத்து முடிச்சதும், கலர் ஏத்தச் சொல்லப்போகுதுன்னு காத்திருந்தேன். அது ஷோகேஸையே பாத்துக்கிட்டிருந்துச்சு. "அண்ணா, அந்த அக்கா மாதிரியே விட்டுடுங்க."

மாப்பிள்ளை வீட்டு பதில் இன்னும் வரல. அவங்க பொண்ணு பாக்க வந்தா எங்க வீட்ல காப்பி உண்டு, கலர் ஏத்துறது மட்டும் இல்ல.