ஊக்கக் குறிப்பேட்டில் நான் எழுதியவை

மற்ற பிள்ளைகளின் பெற்றோர்களை நான் வெறுக்க ஆரம்பித்தது என் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன வருடம். அதற்கு முன்பு அவர்களைப் பிடிக்காது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. தாளாளர் இந்த ஊர்க்காரர். அவருடைய அப்பா நெல் போட்ட நிலத்தில் இவர் பள்ளிக்கூடம் போட்டார். பக்கத்திலேயே அவருக்கு ஒரு கல்யாண மண்டபம் உண்டு, அதை ஒட்டி கம்பி, சிமெண்ட் விற்கும் கடை. மூன்றையும் ஒரே மாதிரிதான் நடத்தினார். வாசலில் பேனர், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி, மேடையில் அவர். அந்த வருடம் பள்ளி திறக்கும் முன்னால் எங்கோ ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து மைக்கைப் பிடித்தார்.

"புள்ளைங்கள எந்நேரமும் திட்டிகினே கீறீங்கோ. அதான் பிரச்சனையே. வூட்ல பாராட்டணும். டெய்லி பாராட்டணும். இன்னா பாராட்டுனீங்கன்னு எழுதி அனுப்பணும். நாங்க செக் பண்ணுவோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். பெற்ற பிள்ளையை வீட்டில் நாலு நல்ல வார்த்தை சொன்னதற்கு எழுத்துமூலமாகச் சாட்சி கேட்கிறார் ஒருவர், அதற்கும் கைதட்டல். ஆளுக்கொரு மஞ்சள் அட்டை நோட்டு கொடுத்தார்கள். மேலே பிள்ளையின் போட்டோ, கீழே 'ஊக்கக் குறிப்பேடு' என்று அச்சிட்டிருந்தது. தினமும் மாலையில் பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் மிஸ் அதைப் படித்து நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவார். வருடக் கடைசியில் 'சிறந்த பெற்றோர்' கேடயம்.

மறுநாளிலிருந்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆட்டம் ஆரம்பமானது. ஓர் அம்மா தன் மகன் வாழைப்பழத் தோலைக் குப்பைக் கூடையில் போட்டதை மூன்று கோணத்தில் படம் எடுத்து அனுப்பினார். குழுவே உருகிவிட்டது. ஓர் அப்பா, தன் மகள் 'தன் உணர்ச்சிகளைத் தானே கையாண்டாள்' என்று எழுதியதைப் போட்டோ பிடித்துப் போட்டிருந்தார். என்ன நடந்தது என்று பள்ளி வாசலில் அவரிடமே கேட்டேன். ஐஸ்கிரீம் கேட்டு அழுத பெண் அழுகையை நிறுத்தியிருக்கிறாள். எப்போது நிறுத்தினாள் என்றும் கேட்டேன். வாங்கிக் கொடுத்த பிறகு என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

எங்கள் வீட்டில் இந்த நோட்டு என் தலையில் விழுந்தது. என் மனைவிக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஏழுக்கு கம்பெனி பஸ் ஏறினால், படப்பை நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர இரவு எட்டாகிவிடும். நான் தாம்பரத்தில் குமாஸ்தா. ஐந்தரைக்கு வீட்டில் இருப்பேன். எழுத்து கொஞ்சம் வரும் என்று எனக்கு ஒரு நினைப்பும் உண்டு.

முதல் நாள், 'இன்று தோசை சாப்பிட்டாள். பாராட்டும்படி வேறொன்றும் நடக்கவில்லை' என்று எழுதினேன். சிவப்பு மையில் பதில் வந்தது: 'சார், பாசிட்டிவாக எழுதவும்.' மறுநாள், 'இன்று யாரையும் கடிக்கவில்லை' என்று எழுதினேன். மிஸ் என்னை நேரில் வரச் சொன்னார்.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்துத் தொண்டை கட்டிப்போயிருந்தது. கையில் ஸ்டிக்கர் தாள் வேறு. படித்த பெண், இப்படி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று அவரையும் நான் மட்டமாகத்தான் நினைத்தேன்.

"தாளாளர் ஒவ்வொரு நோட்டா பாக்குறாரு சார். உங்க நோட்ட காட்டி என்னைக் கேள்வி கேக்குறாரு. எனக்காகவாவது கொஞ்சம் நல்லதா எழுதுங்க சார், ப்ளீஸ்."

சரி, பொய்தானே வேண்டும், எழுதித் தள்ளுகிறேன் என்று முடிவு செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு உண்டானதை ஒரே மூச்சில் ஒரு தாளில் எழுதிவைத்தேன், தினமும் ஒன்றாக நோட்டில் ஏற்றினால் போதும். தட்டு கழுவியது, பொம்மை அடுக்கியது என்று ஊரே எழுதுகிறது. நான் அந்தக் கும்பலில் சேர்வதா? என் மகள் வாசிக்கிறாள் என்று எழுதினேன். 'இன்று கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தானாகவே வாசித்தாள். மழை என்று வந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.' கிண்டலுக்காக எழுதியது. அதற்கு இரண்டு நட்சத்திரம் ஒட்டி வந்தது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மிஸ் அந்த வரியை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். வாழைப்பழத் தோல் அம்மா திரும்பி என்னைப் பார்த்து, "சூப்பர் அண்ணா, எப்படி இப்படிலாம் எழுதுறீங்க?" என்றார். இந்தப் பெண்ணின் பாராட்டு எனக்கு எதற்கு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அடுத்த வாரத்துக்கானதை இன்னும் நன்றாக எழுதினேன். அவர்களை மட்டமாக நினைத்துக்கொண்டே அவர்களிடம் கைதட்டல் வாங்குவதில் ஒரு தனிச் சுகம் இருந்தது.

பிறகு நிறுத்த முடியவில்லை. பெருங்களத்தூரில் பஸ்ஸின் பெயர்ப் பலகையை வாசித்தாள் என்று எழுதினேன். கோவளம் போன அன்று, கரையில் நின்ற படகுகளில் எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தாள் என்று எழுதினேன். அன்று அவள் நண்டு துரத்திக்கொண்டிருந்தாள். நான் படகு நிழலில் உட்கார்ந்து, இந்த வரியை மறந்துவிடாமல் இருக்கக் கைப்பேசியில் குறித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அவள் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்ப் பாடப் புத்தகத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு கணீரென்று சொல்வாள். நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "வெரி குட்" என்பேன். முடித்துவிட்டு வந்து, "இன்னிக்கு என்னப்பா எழுதின?" என்று கேட்பாள். எழுதியதை வாசித்துக் காட்டுவேன். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே என்மேல் சாய்ந்துகொள்வாள்.

என் மனைவி மட்டும் ஒருமுறை கேட்டாள். "இவ நெஜமாவே படிக்கிறாளா? பிஸ்கட் பாக்கெட்ல இருக்கறத படின்னா, பசிக்குதுன்னு ஓடிட்டா."

"பசிச்சிருக்கும்," என்றேன்.

பிப்ரவரியில் வாசிப்பு விழா வைத்தார்கள். 'சிறந்த பெற்றோர்' கேடயத்தையும் அதிலேயே கொடுப்பதாகச் சொன்னார்கள், அது எனக்குத்தான். தாளாளரே போன் செய்தார். "சார், நீ எழுதுனத படிச்சுட்டு என் வூட்டுக்காரம்மா அழுதுட்சி. நீ மேடையில கேடயம் வாங்கு, பக்கத்துல உன் பொண்ணு நின்னு ஒரு கதை படிக்கட்டும். ஊரே பாக்கட்டும்." எவ்வளவு மட்டமான யோசனை என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, நீலச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

ஐந்து நாள் முன்பு மிஸ் ஒரு புதுக் கதைப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அட்டையில் ஒரு கிணறும், கிணற்றை எட்டிப் பார்க்கிற ஒரு யானையும். மகள் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, இத ஒரு தடவ படிச்சுக் காட்டேன்."

"நீயே படி. நீதான் நல்லாப் படிப்பியே," என்றேன். மேடையில் நன்றி சொல்ல நாலு வரி தயார் செய்துகொண்டிருந்தேன். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. தானே ஓரமாக உட்கார்ந்து படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

விழா ஒரு சனிக்கிழமை காலை. என் மனைவிக்கு அன்று வேலை நாள், அவள் வரவில்லை. பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். தாளாளர் கேடயத்தை என் கையில் கொடுத்துவிட்டு, போட்டோ எடுத்து முடியும்வரை அதை விடாமல் தானும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் மகளை மைக் முன்னால் நிறுத்தினார்கள். அவள் புத்தகத்தைப் பிரித்தாள். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஆரம்பித்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு யானை இருந்துச்சு. அதோட அம்மா தொலைஞ்சு போச்சு. அது எல்லா இடத்திலயும் தேடிச்சு..."

நல்ல குரல். திக்கல் இல்லை, பயம் இல்லை. விரல் வரியின் கீழே இடமிருந்து வலமாக ஒழுங்காக நகர்ந்தது. நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்ததால் பக்கம் எனக்குத் தெரிந்தது. மொத்தமே மூன்று வரி. தண்ணீரைக் கண்டால் பயப்படுகிற ஒரு யானையைப் பற்றிய மூன்று வரி. அதில் அம்மாவும் இல்லை, தொலைந்துபோவதும் இல்லை. அவள் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த படத்தைப் பார்த்து, அதற்கும் ஒரு கதை சொன்னாள். எழுத்தை அவள் பார்க்கவே இல்லை.

யானைக்கு அம்மா கிணற்றுக்குப் பக்கத்தில் கிடைத்ததும் பந்தலில் ஒரே கைதட்டல். தாளாளர் எழுந்து நின்று தட்டினார். மேடை ஓரத்தில் மிஸ் மட்டும் தட்டவில்லை. புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்.

விழா முடிந்து, தண்ணீர் கேன் வைத்திருந்த இடத்தில் என்னைப் பிடித்தார்.

"சார், அந்தப் புக்ல அப்படி ஒரு கதையே இல்ல."

"தெரியும் மிஸ்."

"ஜூன்ல வாசிக்கத் தடுமாறுற பிள்ளைங்கன்னு ஆறு பேரை எடுத்தேன் சார். சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் தனியா உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தேன். உங்க பொண்ணும் அதுல இருந்தா. வீட்ல தானாவே வாசிக்கிறான்னு நீங்க எழுதவும், கிளாஸ்ல கூச்சம் போலன்னு நினைச்சு அந்த ஆறு பேர்லேர்ந்து அவளை விட்டுட்டேன். பாடத்தையும் கடகடன்னு சொன்னா. மனப்பாடம்னு எனக்குத் தோணல சார், என் தப்புதான்."

என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பேசினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மத்த அஞ்சு பேரு?" என்று கேட்டேன்.

"படிக்கிறாங்க சார். இப்ப நல்லாவே படிக்கிறாங்க."

அந்த ஐந்து பேரில் வாழைப்பழத் தோல் பையனும் ஒருவன். அவன் அம்மா தன் நோட்டில் என்ன எழுதினார் என்று மிஸ்ஸே சொன்னார். 'இன்று மூன்று வார்த்தை படித்தான். ஒன்று தப்பு. மீண்டும் படித்தான்.' இப்படித்தான் பாதி நோட்டு இருந்ததாம். அந்தப் பெண்ணைத்தான் நான் வருடம் முழுக்க நையாண்டி செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்தேன். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, யானைப் புத்தகத்தைப் பிரித்து, முதல் வரியைப் படிக்கச் சொன்னேன்.

முதல் சொல்லில் விரலை வைத்து, படத்தைப் பார்த்து, "யானை," என்றாள். சரி. அடுத்த சொல்லில் விரல் நின்றது. "கிணறு?" என்று என் முகத்தைப் பார்த்தாள். இல்லை. "பெருசு?" மறுபடியும் என் முகத்தைப் பார்த்தாள். அவள் படித்ததெல்லாம் என் முகத்தை மட்டும்தான். மூன்றாவது தடவை விரலை எடுத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றாள். அழவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

"ஏம்மா, என்கிட்ட சொல்லவே இல்லையே?"

இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள்.

"உனக்குத்தான் தெரியுமே. மிஸ் திட்டக்கூடாதுன்னுதானே டெய்லி அப்படி எழுதின. நான் யார்கிட்டயும் சொல்லலப்பா. அம்மாகிட்டகூட சொல்லல."

எட்டு மாதம் அந்த ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அப்பா தனக்காகத் தினமும் ஒரு பொய் எழுதுகிறார், அதைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அந்த ஏழு வயசுக்கு அவ்வளவு விசுவாசம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் கண்ணில் நல்ல அப்பாவாகவே இருந்திருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "உனக்குப் படிக்க வராதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ யாருக்காகப்பா எழுதின?"