முத்துச்செல்வி கட்டிய சிவப்பு அட்டை

முத்துச்செல்விக்கு ஒரு பழக்கம். ஒரு சாமான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கோவில்பட்டியிலிருந்து டிப்ளமோவோடு வந்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கால் கடுக்க நின்று, லைன் லீடர் ஆனவள். இன்னும் ஏழு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். மூன்று ஷிப்டுக்கும் ஆள் இருந்த வீடு. எந்நேரமும் ஒருத்தி குளிப்பாள், ஒருத்தி துவைப்பாள்.

அந்தத் தண்ணீர்தான் வினையாகப் போனது. தெருவில் தேங்கி நாறியது. நகர் நலச் சங்கத் தலைவர் எல்லப்பன் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? சுத்தமா வச்சிக்காத வூட்டக் காலி பண்ண வைக்கணும்னு சங்கத்துல ரூல் கீது. ஞாயித்துக்கெழம கூட்டம். ஓனராண்டயும் சொல்லிட்டேன்."

"தெருவுல நாங்க மட்டுந்தான் குளிக்கோமா அண்ணாச்சி?"

"பேச்சலர் வூடுன்னாலே இப்டித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இந்த வீடு போனால் அந்த ஏழு பேரில் சின்னவள் மாரிசெல்வியின் வேலையும் போகும். முத்துச்செல்வி அக்காவோடு ஒரே வீட்டில் இருப்பாள் என்ற ஒரே தைரியத்தில்தான் அவளுடைய அப்பா அனுப்பி வைத்திருந்தார். மாப்பிள்ளை வேறு பார்த்து வைத்திருந்தார் மனுஷன். கூப்பிட ஒரு சாக்குக் கிடைத்தால் போதும்.

தண்ணீர் ஏன் ஓடவில்லை என்று முத்துச்செல்வி தெருவை நடந்து பார்த்தாள். ஓட வழி இருந்தால்தானே. கால்வாய் முழுக்க ஒவ்வொரு வீட்டுக் குப்பையும் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு மூர்த்தி கொட்டி வைத்த மணல், யாரோ வீட்டு உடைந்த தண்ணீர்த் தொட்டி. கடைசியில், தலைவர் வீட்டு வாசலில், அவர் இடித்த கடையின் துருப்பிடித்த ஷட்டர். தலைவர் வீட்டு வாசலிலேதான், பாருங்கள்.

வாய்ச்சொல் எடுபடாது என்று அவளுக்குத் தெரியும். கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டாத சாமான் வழியில் கிடந்தால் அதில் சிவப்பு அட்டை கட்டுவார்கள். மேனேஜருடையதானாலும் சரி, ஷிப்ட் முடிவதற்குள் அது அந்த இடத்தை விட்டுப் போயாக வேண்டும். சனிக்கிழமை காலை முத்துச்செல்வி அட்டைகளோடு இறங்கினாள். முதல் அட்டையைத் தன் வீட்டு வாசலில் கிடந்த உடைந்த கட்டிலில் கட்டி, அதைத் தானே இழுத்துப் போட்டாள். பிறகு தெரு முழுக்கக் கட்டிக்கொண்டே போனாள்.

அந்தத் தெருவில் பாதி ஆம்பிளைகள் கம்பெனிக்காரர்கள். மூர்த்தி ஷிப்ட் முடிந்து வந்து மணலில் அட்டையைப் பார்த்தார். "எவ வேல இது" என்று திட்டினார். திட்டிக்கொண்டே மண்வெட்டியை எடுத்தார். பழகிய கை சும்மா இருக்குமா? அவரைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் இறங்கினார்கள்.

எல்லப்பன் மட்டும் குதித்தார். "என் வூட்டு வாசல்லயே கட்டுவாளா?" அட்டையைப் பிய்க்கப் போன நேரத்தில் அவருடைய மகன் ஜெகதீஷ் நைட் ஷிப்டோடு ஓ.டி.யும் முடித்து வந்து பைக்கை நிறுத்தினான். அவன் சூப்பர்வைசர். கண் சொருகிக்கொண்டு வந்தது, ஆனாலும் சிவப்பைப் பார்த்ததும் விழித்துக்கொண்டான்.

"பிய்க்காத நைனா. டேக் போட்டுக்கினு கீறாங்க, ஆடிட் வராங்க போல. மூர்த்தியண்ணே, ஒரு கை புடி."

ஆடிட்டாவது ஒன்றாவது. தூக்கக் கலக்கத்தில் தெருவைக் கம்பெனி ஷாப் ஃப்ளோர் என்று நினைத்துவிட்டான் பிள்ளை. ஆனால் ஷட்டர் நகர்ந்தது. அடியில் கால்வாய் வாயை அடைத்திருந்த செங்கல்லைக் கடப்பாரையால் நெம்பியதும், தேங்கிய தண்ணீர் கடகடவென்று ஓடியது. மாடியில் நின்ற பெண்கள் விசில் அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லப்பன் வரவுசெலவை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்தார். மூர்த்திதான் தொண்டையைக் கனைத்தார். "தண்ணிய அடச்சி வச்ச வூட்டக் காலி பண்ணணும்னு தான தலைவரே ரூலு?"

கூட்டம் சிரித்தது. முத்துச்செல்வி எழுந்தாள். "அண்ணாச்சியும் இருக்கட்டும், நாங்களும் இருக்கோம். எல்லாரு முன்னாலயும் ஒரு வார்த்த சொல்லிருங்க, போதும்."

எல்லப்பன் தலையைச் சொறிந்தார். "இருங்கம்மா. எத்தினி வருசம் வேணா இருங்க. ஓனராண்ட நானே சொல்றேன்."

மாரிசெல்வி அங்கேயே போனை எடுத்தாள். "யப்பா, வீடு போகல, நான் ஊருக்கு வரல. மாப்பிள்ள வீட்டுக்குச் சொல்லிருங்க."