சோறு வடித்துவிட்டுப் போனவள்

அன்றைக்கு மதியம் வில்லியனூரில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் நல்ல கூட்டம். ஒரு பெரியவருக்காக மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது சின்னத் தம்பி சேகர் போன் செய்தான். "அக்கா, அம்மா நம்மள வுட்டுப் பூடுச்சிக்கா" என்றான். எப்படிடா என்று கேட்டேன். "காலைலேந்து நெஞ்சு வலியாம். சொல்லவே இல்லக்கா. சோறு வடிச்சி, கொழம்ப எறக்கி வச்சிட்டுதான் என்னை எழுப்புச்சி. ஆட்டோவுல போவசொல்லவே பூடுச்சி." கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அபிஷேகப்பாக்கத்தில் அம்மா வீட்டில் அடுத்த பதினாறு நாளும் இந்தச் சோற்றுக் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், "மவராசி, அந்த வலியிலயும் புள்ளைங்களுக்குச் சோறு வடிச்சி வச்சிட்டுப் போயிருக்கா பாரு" என்று பெருமையாகத் தலையை ஆட்டினார்கள். தெருமுனைப் பேனரில் அம்மாவின் படத்துக்குக் கீழே 'குலவிளக்கு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அதைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. பெரிய தம்பி ஏழுமலை என்னிடம் வந்து, "நினைவு மலர் போடறோம்கா. அம்மாவப் பத்தி நல்லதா ஒரு பக்கம் எழுதிக் குடு. அந்தச் சோறு வடிச்ச விஷயத்த மறந்துடாத" என்றான். மறக்கவில்லை ஏழுமலை. எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ இதை அச்சடிப்பாயா என்பதுதான் தெரியவில்லை.

என் அம்மா அஞ்சலையைத் தெரிந்தவர்களே, அவள் வீட்டில் ஒருவேளையாவது கை நனைத்தவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

தம்பிகள் இருவருக்கும் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை. ஏழுமலையின் மனைவியும் அங்கேயே ஒரு கம்பெனிக்குப் போகிறாள். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். ஒருவர் விடியற்காலை பஸ் பிடிக்கும்போது இன்னொருவர் வேலை முடிந்து வந்து இறங்குவார். எந்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பது அம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம். சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒரே நாளில் மூன்று தடவை சோறு வடிப்பாள். ஒருமுறை நான், "ஒரு வேளைக்கு வச்சத சூடு பண்ணித் தின்னட்டுமே" என்றேன். "மெஷின்கிட்ட நின்னு வர்ற புள்ளைங்கடி" என்றாள். அந்த மெஷினுக்குக்கூட வாரத்தில் ஒருநாள் லீவு இருந்தது.

அம்மா இறந்த அன்று சேகர் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்கே வலி ஆரம்பித்திருக்கிறது. இரண்டு எட்டு வைத்தால் அவன் கட்டில். தூக்கம் கெடும் என்று எழுப்பவில்லை. ஏழுமலை மதிய பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குமுன் கடைத்தெருவிலிருந்து வந்து சாப்பிட வேண்டும் என்று உலை வைத்திருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குத்தான் சேகரைத் தொட்டு எழுப்பினாள். மூன்று மணி நேரம். இதில் எது பெருமை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது. அவருடைய காரியத்தன்று படையலில் என்னென்ன வைக்க வேண்டும் என்று அம்மா யாரையும் கேட்கவில்லை. நாட்டுக்கோழிக் குழம்பு, அதில் ஈரல் தனியாக. அவர் பிடிக்கும் பீடிக்கட்டு. ஒரு குவார்ட்டர் பிராந்தி, பக்கத்தில் ஊறுகாய். வஞ்சிரத்தில் வால் பக்கத்துத் துண்டுதான் அவருக்குப் பிடிக்கும் என்று, வறுத்ததிலிருந்து அதைத் தேடி எடுத்து இலையில் வைத்தாள். செத்துப்போனவருக்குக்கூட முள் குத்தக் கூடாது என்பதுபோல் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

அம்மாவுக்குப் படைக்கும் நாள் வந்தது. என்ன வைப்பது என்று பேச்சு எழுந்ததும் சேகர், "அம்மாவுக்கு சுறா புட்டுன்னா உசுரு" என்றான். ஏழுமலை வஞ்சிர வறுவல் என்றான். நான் இறால் தொக்கு என்றேன். ஆளாளுக்கு அடித்துப் பேசினோம். மூன்றையுமே செய்து இலை நிறைய வைத்துக் கற்பூரம் காட்டினோம். பிறகு ஒரு இலைத்துண்டில் கொஞ்சம் எடுத்துப்போய் மதில்மேல் வைத்தோம். காக்கா உடனே வந்து சுறா புட்டைக் கொத்தியது. "அம்மா வந்துட்டாங்க" என்று சேகர் தேம்பித் தேம்பி அழுதான். நானும் அழுதேன்.

அப்போதுதான் செந்தாமரை அக்கா உள்ளே வந்தார். நல்லவாட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு முப்பது வருடமாக மீன் கொண்டுவருபவர். படையலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, அஞ்சலைக்குப் போயி மீனு வச்சீங்க?"

"ஏன்கா?"

"அது மீனே வாயில வைக்காதேம்மா. அந்த வாடையே ஆவாது அதுக்கு. ஆஞ்சி கழுவறதுக்குள்ள ரெண்டு தபா வெளிய வந்து நின்னுட்டுப் போவும்."

"எங்ககிட்ட சொன்னதே இல்லியே" என்றான் சேகர்.

"நீ கேட்டியாப்பா?"

எனக்கு உடனே ஞாபகம் வந்தது அம்மாவின் கரண்டி. குழம்பு கொதிக்கும்போது எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "உப்பு பாருடி" என்பாள். மீன் வாங்கும் நாட்களில் தவறாமல் கூப்பிடுவாள். செல்லம் என்று நினைத்துப் போட்டி போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறோம். தன்னால் ருசி பார்க்க முடியாததால்தான் கூப்பிட்டாள் என்று நாற்பத்தோரு வயதில் எனக்குத் தெரிகிறது. "நீங்க சாப்பிடுங்க, எனக்கு இன்னா அவசரம்" என்று சொல்லிச் சொல்லியே எல்லோருக்கும் பிறகு தனியாகச் சாப்பிட்டாள். அவள் தட்டில் என்ன இருந்தது என்று நாங்கள் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. ரசமும் ஊறுகாயும்தான் என்றார் செந்தாமரை அக்கா.

"அப்ப அம்மாவுக்கு இன்னாதான்கா புடிக்கும்?" என்று கேட்டேன். பெற்ற தாயைப் பற்றி மீன்காரரிடம் கேட்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

"தேங்கா பன்னு" என்றார். சனிக்கிழமைகளில் தவளக்குப்பம் பேக்கரியில் இரண்டு வாங்கி வருவாராம். கொல்லைக் குழாயடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து தின்பார்களாம். "ஒவ்வொரு தபாவும் அதையேதான் சொல்லும். யாரோ கையால செஞ்சது, எம்மாம் ருசியா கீது பாருன்னு." சொல்லிவிட்டு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

என் தம்பிகள்மேல் எனக்குக் கோபம். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், அம்மாவை அடித்ததில்லை, திட்டியதில்லை. சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். துக்கத்துக்கு வந்து தலையாட்டிய உங்கள்மேலும் கோபம். உங்கள் வீட்டு மருமகள்களிடமும் இனி இந்தக் கதையைச் சொல்வீர்கள். அம்மாமேலும் கோபம்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

என்மேல் உள்ள கோபத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு அம்மா போன் செய்தாள். "நெஞ்சு எரிச்சலா கீதுடி. கேஸ் மாத்திரை இருந்தா சேகர்கிட்ட குடுத்தனுப்பு." ஒரு அட்டை கொடுத்தனுப்பினேன். முன்பின் தெரியாத ஒருவர் கடைக்கு வந்து இதையே சொன்னால், எத்தனை நாளாக, கை வலிக்கிறதா, டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்காமல் அனுப்பமாட்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கடையில் கூட்டம் இருந்தது.

அவள் வடித்து வைத்த சோற்றை யாரும் சாப்பிடவில்லை. சாவு விழுந்த வீட்டில் சமைத்ததை வைத்திருக்கக் கூடாது என்று அன்று மாலையே பானையோடு கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினார்கள். இதையும் மலரில் போடு ஏழுமலை.

அம்மாவின் பொறுமை எனக்கு வேண்டாம். 'அப்படியே அஞ்சலை மாதிரி' என்று என்னை யாரும் பாராட்டவும் வேண்டாம். அவளிடமிருந்து சனிக்கிழமையை எடுத்துக்கொண்டேன். அன்று மதியம் என் வீட்டில் அடுப்பு எரியாது, யாரோ கையால் செய்ததைத்தான் தின்பேன். இன்னொன்றும் முடிவு செய்து வைத்திருக்கிறேன். ஒருநாள் எனக்கு நெஞ்சு வலிக்கலாம், அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கலாம். சோறு குழைந்தால் குழையட்டும். தூங்குகிறவன் யாராயிருந்தாலும் எழுப்பிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறுவேன்.